வெள்ளணு ஏற்றலாம் என்று மருத்துவர் சொன்னால்: குடும்பத்தினருக்கான வழிகாட்டி

இரத்தப் புற்றுநோய்ப் பிரிவில் ஒரு வாரமாகக் காய்ச்சல் இறங்காமல் படுத்திருக்கும் நோயாளியின் உறவினரிடம், “வெள்ளணு ஏற்றிப் பார்க்கலாம் என்று நினைக்கிறோம், கொடையாளர் ஒருவரை ஏற்பாடு செய்ய முடியுமா?” என்று மருத்துவர் கேட்கும்போது, அதுவரை சிவப்பணுவுக்கும் தட்டணுவுக்கும் (பிளேட்லெட்) ஆள் தேடி அலைந்து பழகிய குடும்பம்கூடத் திகைத்துப் போகிறது. தட்டணு கொடுத்தவர்கள் தெரிந்த வட்டாரத்தில் நாலு பேராவது இருப்பார்கள். வெள்ளணு கொடுத்தவரை அநேகமாக யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். இது அரிதாகவே செய்யப்படும் சிகிச்சை. செய்வதென்று முடிவெடுத்துவிட்டால் ஒன்றிரண்டு நாளுக்குள் எல்லாம் நடந்தாக வேண்டும் என்பதால், நின்று விளக்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை. இரத்த வங்கி மருத்துவராக அந்த அவசரத்தின் மறுமுனையில் நான் பல முறை நின்றிருக்கிறேன். என்ன கேட்க வேண்டும், யாரை அழைத்து வரக் கூடாது, பை வார்டுக்கு வந்த பிறகு எதைக் கவனிக்க வேண்டும் என்பவை தெரிந்த குடும்பத்தால் அரை நாளையாவது மிச்சப்படுத்த முடிகிறது. இந்தச் சிகிச்சையில் அரை நாள் என்பது பெரிய காலம்.

ஏற்றப்படுவது எது

வெள்ளணுக்களில் பல வகை உண்டு. இங்கே ஏற்றப்படுவது நியூட்ரோபில் என்னும் வகை. இரத்த வங்கிச் சீட்டில் அது கிரானுலோசைட் என்ற பொதுப்பெயரில் எழுதப்பட்டிருக்கும். பாக்டீரியாவோ பூஞ்சையோ உடலுக்குள் நுழைந்தால் முதலில் அந்த இடத்துக்குப் போய் அவற்றை விழுங்கி அழிப்பவை இவைதாம். இவற்றின் ஆயுள் மிகக் குறைவு. இரத்தத்தில் ஒரு நாள்கூட முழுதாகச் சுற்றுவதில்லை. ஆகவே நலமாக உள்ள ஒருவரின் எலும்பு மஜ்ஜை நாள்தோறும் ஏறத்தாழ 5,000 கோடி முதல் 10,000 கோடி வரையான நியூட்ரோபில்களைப் புதிதாக உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. கீமோ மருந்தாலோ, மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கான தயாரிப்பாலோ, மஜ்ஜையே வற்றிப்போகும் நோயாலோ அந்த உற்பத்தி நின்றுவிட்டால், சில நாட்களிலேயே கையிருப்பு தீர்ந்துவிடுகிறது.

ஆய்வகச் சீட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். மொத்த வெள்ளணு எண்ணிக்கையை நியூட்ரோபில் சதவீதத்தால் பெருக்கினால் கிடைப்பதுதான் மருத்துவர்கள் நாள்தோறும் பேசும் ‘கவுண்ட்’. மொத்தம் 900, நியூட்ரோபில் 10 சதவீதம் என்றால், ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 90 நியூட்ரோபில்களே உள்ளன. 1,500க்குக் கீழே போனால் குறைவு என்போம். 500க்குக் கீழே போனால் கடுமையான குறைவு. 100க்குக் கீழே போய், அது ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால் பெரும் ஆபத்து. எண்ணிக்கை எவ்வளவு ஆழமாக இறங்குகிறது என்பதும், எத்தனை நாள் அப்படியே கிடக்கிறது என்பதும் சேர்ந்துதான் தொற்றைத் தீர்மானிக்கின்றன என்பதை ஜெரால்ட் போடியும் அவருடைய சக மருத்துவர்களும் 1966இல் லுகேமியா என்னும் இரத்தப் புற்றுநோய் உள்ளவர்களிடம் எண்ணிக் காட்டினார்கள். இன்றுவரை மருத்துவமனைகள் பயன்படுத்தும் எல்லைக் கோடுகளுக்கு அதுவே அடிப்படை.

இந்த நிலையில் உள்ளவரிடம் தொற்று எப்படித் தோன்றும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். சீழ் என்பது பெரும்பாலும் இறந்த நியூட்ரோபில்களின் திரள். நியூட்ரோபிலே இல்லாதபோது சீழ் கட்டாது, வீக்கம் பெரிதாகத் தெரியாது, நெஞ்சுப் படத்தில்கூட முதல் சில நாட்கள் ஒன்றும் தென்படாமல் போகலாம். ஊசி ஏற்றிய இடத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவப்பு, மலம் கழிக்கும்போது வலி, விழுங்கும்போது தொண்டையில் எரிச்சல் ஆகியவையே அடையாளம். 38.3 டிகிரி செல்சியஸ் ஒரே ஒரு முறை காட்டினாலும், அல்லது 38 டிகிரி ஒரு மணி நேரம் நீடித்தாலும், நள்ளிரவானாலும் செவிலியரிடம் சொல்லுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் நரம்பில் ஏறத் தொடங்க வேண்டும். ஆசனவாயில் வெப்பமானி வைப்பதும் எனிமா கொடுப்பதும் கூடாது.

இடையில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். டெங்குக் காய்ச்சலிலும் வெள்ளணு குறைகிறது. அதைப் பார்த்துவிட்டு வெள்ளணு ஏற்றச் சொல்லி வற்புறுத்தும் உறவினர்களைச் சந்தித்திருக்கிறேன். டெங்குவில் அந்தக் குறைவு தானாகவே மீளும். அதற்கு இந்தச் சிகிச்சை தேவையில்லை.

யாருக்குப் பொருந்தும், எவ்வளவு எதிர்பார்க்கலாம்

மூன்று நிபந்தனைகளும் ஒருங்கே அமைந்த நோயாளிக்கே இதைப் பரிந்துரைப்பது வழக்கம். நியூட்ரோபில் 500க்குக் கீழே, பெரும்பாலும் 200க்கும் கீழே இருக்க வேண்டும். பாக்டீரியாவோ பூஞ்சையோ தொற்றியிருப்பது கல்ச்சரிலோ (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) சி.டி. ஸ்கேனிலோ உறுதியாகியோ, மிக வலுவாகச் சந்தேகிக்கப்பட்டோ இருந்து, சரியான மருந்தை இரண்டு நாளாவது கொடுத்தும் தொற்று அடங்காதிருக்க வேண்டும். மூன்றாவது நிபந்தனையைத்தான் குடும்பத்தினர் கேட்கத் தவறுகிறார்கள்: நோயாளியின் சொந்த மஜ்ஜை இன்னும் சில நாட்களிலோ ஓரிரு வாரங்களிலோ மீண்டு வரும் என்ற நியாயமான எதிர்பார்ப்பு இருக்க வேண்டும். பிறர் கொடுத்த நியூட்ரோபில் ஓரிரு நாளுக்கு மேல் நிற்காது. ஆறு கரைபுரண்டு ஓடும்போது போடும் தற்காலிக மூங்கில் பாலம் போன்றது அது. அக்கரை எட்டும் தொலைவில் இருந்தால் உதவும். அக்கரையே தெரியாதபோது பாலத்தை நீட்டிக்கொண்டே போவது நோயாளிக்கும் கொடையாளர்களுக்கும் துன்பமாகவே முடியும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. நியூட்ரோபில் எண்ணிக்கையில் குறையாமல், கிருமியைக் கொல்லும் திறனை மட்டும் பிறவியிலேயே இழந்திருக்கும் ‘க்ரானிக் கிரானுலோமேட்டஸ்’ நோயுள்ள குழந்தைகளுக்கு, கல்லீரல் கட்டியோ பூஞ்சைத் தொற்றோ கட்டுக்கு மீறும்போது இதைக் கொடுப்பதுண்டு. அவர்களில் சிலருக்குக் கெல் இரத்த வகையில் அபூர்வமான மாறுபாடு இருக்கும். ஆகவே இரத்தம் சார்ந்த எதையும் ஏற்றுவதற்கு முன் அதைச் சோதித்தார்களா என்று கேளுங்கள்.

இந்தச் சிகிச்சை எந்த அளவுக்குப் பயன் தருகிறது என்பதைப் பூசி மெழுகாமல் சொல்ல வேண்டும். 1960களில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் எமில் ஃப்ரைரைக்கும் அவருடைய குழுவினரும், நாள்பட்ட மைலாய்டு லுகேமியாவால் வெள்ளணு மிதமிஞ்சிப் பெருகியிருந்தவர்களையே கொடையாளர்களாகக் கொண்டு, தொற்றில் தத்தளித்த நோயாளிகளுக்கு வெள்ளணு ஏற்றிப் பார்த்தார்கள். அங்கே தம் மகன் லுகேமியாவுக்குச் சிகிச்சை பெற்றதைக் கண்ட ஐபிஎம் பொறியாளர் ஜார்ஜ் ஜட்சன், அவர்களோடு சேர்ந்து இரத்த அணுக்களைத் தொடர்ச்சியாகப் பிரித்தெடுக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். இன்று தட்டணு எடுக்க நாம் பயன்படுத்தும் இயந்திரங்களின் மூதாதை அதுதான். நலமான கொடையாளரிடமிருந்து போதுமான அளவு எடுக்க முடியாததால் இந்தச் சிகிச்சை பின்னர் ஒதுங்கிக் கிடந்தது. மஜ்ஜையைத் தூண்டும் ஜி-சி-எஸ்-எஃப் ஊசி 1991இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிறகு மீண்டும் தலையெடுத்தது.

வெள்ளணு ஏற்றுவதன் பயனைச் சோதித்து 2015இல் வெளிவந்த ‘ரிங்’ என்னும் ஆய்வில் 114 நோயாளிகள் பங்கேற்றார்கள். மருந்தோடு வெள்ளணுவும் பெற்றவர்களில் 42 சதவீதத்தினரும், மருந்து மட்டும் பெற்றவர்களில் 43 சதவீதத்தினரும் தேறினார்கள். அதாவது மொத்தத்தில் வேறுபாடு இல்லை. ஆனால் திட்டமிட்டதில் பாதி அளவுக்கே நோயாளிகள் சேர்ந்தார்கள். வெள்ளணு பெற்றவர்களில் பலருக்குப் போதிய அளவு ஏறவும் இல்லை. போதிய அளவு ஏறியவர்கள், குறைவாக ஏறியவர்களைவிட நன்றாகத் தேறியிருந்தது பின்னர் கணக்கிட்டபோது தெரிந்தது. அப்படிப் பின்னால் கணக்கிட்டுப் பெறும் முடிவை உறுதியான சான்றாகக் கொள்ள முடியாது என்றாலும், அளவைக் கவனிக்க வேண்டும் என்ற எச்சரிக்கையாக நான் அதை எடுத்துக்கொள்கிறேன். என் கருத்து இதுதான்: வெள்ளணு ஏற்றுவதென்றால் உரிய நேரத்தில், உரிய அளவில், சில நாட்கள் தொடர்ந்து ஏற்ற வேண்டும், எல்லாம் கைமீறிய பிறகு மன ஆறுதலுக்காக ஒரே ஒரு பை ஏற்றுவதால் நோயாளிக்கு எந்தப் பயனும் இல்லை.

ஆகவே மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது கட்டுப்படுகிறது? மஜ்ஜை எப்போது மீளும் என்று எதிர்பார்க்கிறீர்கள்? எத்தனை நாள் ஏற்றுவதாக உத்தேசம், எந்த நாளில் பலனை மதிப்பிட்டு நிறுத்துவதா தொடர்வதா என்று முடிவெடுப்பீர்கள்? வருங்காலத்தில் மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்ய வாய்ப்புண்டா? இந்தக் கடைசிக் கேள்வியின் விடையைப் பொறுத்தே கொடையாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கொடையாளரைத் தேடும் முன்

ஒரு மாலை, பத்தொன்பது வயது இளைஞன் ஒருவனின் அண்ணன் எங்கள் அறைக்கு வந்து சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தார். “வெளியாளைத் தேடி எதுக்கு அலையணும் மேடம், நான் கூடப் பிறந்தவன், எனக்கும் அதே குரூப்புதான், என்கிட்ட எடுத்துக்குங்க” என்றார். அவருடைய தம்பிக்கு மஜ்ஜை மாற்று தேவைப்படலாம் என்று கோப்பில் எழுதியிருந்தது. மஜ்ஜை கொடுக்கும் வாய்ப்புள்ளவர்களில் முதலாவதாக இருந்தவரும் அவரே. அவருடைய வெள்ளணுவை இப்போது ஏற்றினால், அவருடைய அணுக்களின் மேலுள்ள எச்எல்ஏ அடையாளங்களைத் தம்பியின் உடல் இனங்கண்டு எதிர்ப்பொருள் உண்டாக்கிக்கொள்ளலாம். பின்னர் மஜ்ஜையை வைக்கும்போது அதே உடல் அதை உதறித் தள்ளும் ஆபத்து கூடும். “உங்களை இன்றைக்கு வேண்டாம் என்று சொல்வது, பெரிய வேலைக்காக உங்களை வைத்திருக்கத்தான் ஐயா” என்று சொன்னேன். அவர் நம்பியும் நம்பாமலும் எழுந்து போனார். மறுநாள் காலை தம்முடைய அலுவலக நண்பர்கள் நான்கு பேரோடு வந்து நின்றார்.

அந்த நான்கு பேரைப் போன்றவர்களே தேவை. மஜ்ஜை மாற்றுக்கு வாய்ப்புள்ள நோயாளிக்கு இரத்த உறவினர்களைத் தவிர்த்து நண்பர்களையும் உடன் பணியாற்றுபவர்களையும் அழைத்து வாருங்கள். ஒருவரை மட்டும் நம்பியிருக்காதீர்கள். நான்கைந்து பேரையாவது ஒரே நாளில் பரிசோதனைக்கு அனுப்பினால், தொடர்ந்து சில நாட்கள் ஏற்ற வழி பிறக்கும். வயது 18 முதல் 60 வரை இருக்க வேண்டும், எடை குறைந்தது 50 கிலோ இருக்க வேண்டும், இரண்டு முழங்கை மடிப்பிலும் நன்றாகப் புடைத்த நரம்பு இருக்க வேண்டும். இரத்தக் குழு பொருந்தியே ஆக வேண்டும். தட்டணுவில் குழு சற்று மாறினாலும் சமாளிக்கலாம். வெள்ளணுப் பையில் சிவப்பணுவும் கணிசமாகக் கலந்திருப்பதால், சிவப்பணு ஏற்றும்போது செய்வதைப் போலவே குறுக்குப் பொருத்தச் சோதனையும் (இருவரின் இரத்தமும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது) செய்ய வேண்டும். நோயாளி சிறுமியாகவோ குழந்தை பெறும் வயதுப் பெண்ணாகவோ இருந்து ஆர்எச் நெகடிவ் என்றால், கொடையாளரும் நெகடிவாக இருப்பதே நல்லது.

நீரிழிவு, கட்டுப்படாத இரத்த அழுத்தம், வயிற்றுப் புண், கண் அழுத்த நோய், காசநோய் உள்ளவர்களுக்கு வெள்ளணு எடுப்பதற்கு முன்தினம் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரை ஆகாது. கதிர் அரிவாள் அணு நோய் உள்ளவர்களுக்கு ஜி-சி-எஸ்-எஃப் ஊசியைப் போடவே கூடாது. கருவுற்றிருப்பவர்களும் பாலூட்டுபவர்களும் தவிர்க்க வேண்டும். ஆர்வத்தில் இவற்றை மறைத்துவிட்டு வருபவர்கள் உண்டு. வீட்டிலேயே கேட்டு அறிந்து வடிகட்டிவிடுங்கள். பணம் கொடுத்து ஆள் பிடிக்கும் வழிக்கு மட்டும் போகாதீர்கள். உச்ச நீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தொடர்ந்து, 1998 ஜனவரி 1 முதல் இந்தியாவில் தொழில்முறை இரத்தக் கொடைக்குத் தடை உள்ளது. பணத்துக்காக வருபவர் தம் நோய்களை மறைப்பார் என்பது அந்தத் தடைக்கு முக்கியமான காரணம்.

நோயாளிக்கு சைட்டோமெகலோ வைரஸ் இதுவரை தொற்றியதில்லை என்று பரிசோதனையில் தெரிந்தால், அந்த வைரஸ் இல்லாத கொடையாளர் வேண்டும். அது வெள்ளணுவுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். மற்ற இரத்தப் பொருட்களில் வெள்ளணுவை வடிகட்டித் தப்பிக்கலாம், இங்கே ஏற்றுவதே வெள்ளணு என்பதால் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. நம் நாட்டில் பெரியவர்களில் பெரும்பாலோர் அந்த வைரஸை எப்போதோ சந்தித்தவர்கள்; ஆகவே இந்த நிபந்தனை வந்துவிட்டால் அதிகம் பேரைச் சோதிக்க வேண்டியிருக்கும்.

கொடையாளரின் இரண்டு நாட்கள்

முதல் நாள் காலையில் கொடையாளரின் இரத்தத்தை எடுத்து எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி, சிபிலிஸ், மலேரியா ஆகியவற்றுக்குச் சோதிப்பார்கள். பையை எடுத்த பிறகு சோதித்துக்கொண்டிருக்க நேரம் கிடையாது என்பதால் முடிவு முன்னதாகவே கையில் இருக்க வேண்டும். தகுதி உறுதியானால், அன்று இரவு, அதாவது மறுநாள் எடுப்பதற்கு ஏறத்தாழ 12 மணி நேரம் முன்பு, ஜி-சி-எஸ்-எஃப் ஊசியைத் தோலுக்கடியில் போட்டு, 8 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் மாத்திரை கொடுப்பார்கள். விடிவதற்குள் அவருடைய நியூட்ரோபில் எண்ணிக்கை பல மடங்காகி 30,000 அளவைத் தொடும்.

அந்த இரவைப் பற்றிக் கொடையாளருக்கு முன்பே சொல்லி வையுங்கள். இடுப்பும் முதுகெலும்பும் காய்ச்சலுக்கு முன் வலிப்பதைப் போல வலிக்கும், தலை கனக்கும், மாத்திரையின் விளைவாகத் தூக்கம் வராது. பாராசிட்டமால் போட்டுக்கொள்ளலாம், இரத்த வங்கி மருத்துவரைக் கேட்காமல் ஆஸ்பிரின் வேண்டாம். ஓரிரு நாளில் எல்லாம் தணிந்துவிடும். இடது விலாவுக்குக் கீழோ இடது தோளிலோ திடீரென்று கடும் வலி வந்தால் மட்டும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு வர வேண்டும். மிக மிக அரிதாக மண்ணீரல் பாதிக்கப்படுவதுண்டு. ஊசியால் பிற்காலத்தில் புற்றுநோய் வருமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். மஜ்ஜைக் கொடைக்காக இதே ஊசியைப் பல நாட்கள் போட்டுக்கொண்ட நலமான கொடையாளர்களைப் பல ஆண்டுகள் கண்காணித்ததில் அப்படியொரு அதிகரிப்பு தென்படவில்லை.

மறுநாள் காலை நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு, சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள். ஏனெனில் மூன்று மணி நேரம்போல இயந்திரத்தோடு இணைந்திருக்க வேண்டும். ஒரு கையிலிருந்து இரத்தம் இயந்திரத்துக்குப் போகும்; அங்கே சுழலும் கிண்ணத்தில் வெள்ளணு அடுக்கு மட்டும் பிரிக்கப்பட்டு, மீதி மறு கையில் திரும்பி ஏறும். ஏழு முதல் பத்து லிட்டர் இரத்தம் இப்படிச் சுற்றி வரும். வெள்ளணுவின் அடர்த்தியும் சிவப்பணுவின் அடர்த்தியும் நெருங்கியவை. அவற்றை எளிதில் பிரிக்க ஸ்டார்ச் கலந்த திரவம் ஒன்று சேர்க்கப்படும், அதனால் சிலருக்கு இலேசான வீக்கமோ அரிப்போ வரலாம். இரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட், உடலில் உள்ள கால்சியத்தைத் தற்காலிகமாகப் பிடித்துவைத்துக்கொள்ளும். உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வதைப் போன்ற உணர்வு வந்தால் வெட்கப்படாமல் உடனே சொல்ல வேண்டும். வேகத்தைக் குறைத்து, கால்சியம் கொடுத்தால் சரியாகிவிடும்.

இதில் கணக்கைப் பாருங்கள். தூண்டுதல் எதுவும் இல்லாமல் எடுத்தால் 1,000 கோடி அணுக்கள் கிடைப்பதே கடினம். ஊசியும் மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தால் 4,000 கோடி முதல் 8,000 கோடி வரை கிடைக்கும். ரிங் ஆய்வில் போதிய அளவென்று கருதப்பட்டது ஒரு கிலோ எடைக்கு 60 கோடி. 60 கிலோ எடையுள்ள நோயாளிக்கு ஒரு முறைக்கு 3,600 கோடி வேண்டும். இந்தியச் சட்ட விதிகள் ஒரு பையில் இருக்க வேண்டும் என்று சொல்லும் குறைந்தபட்ச அளவோ 1,000 கோடிதான். எனவே “பை கிடைத்துவிட்டது” என்பதோடு நிறைவடையாமல், அதில் எத்தனை அணுக்கள் இருந்தன என்று எண்ணிப் பார்த்தார்களா எனக் கேளுங்கள். பிரிட்டனில் வேறொரு வழி உள்ளது: பத்துப் பேர் கொடுத்த சாதாரண இரத்தத்திலிருந்து வெள்ளணு அடுக்கைப் பிரித்துச் சேர்த்து ஒரு பை செய்கிறார்கள், பெரியவர்களுக்கு அப்படி இரண்டு பைகள். அதில் எந்தக் கொடையாளருக்கும் ஊசி தேவையில்லை, ஆனால் நோயாளி இருபது பேரின் அணுக்களைச் சந்திக்கிறார்.

பை வந்த பிறகு

வெள்ளணு என்பதால் பால் போல வெண்மையாக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பை சிவப்பாகவே இருக்கும். சற்று நேரம் அசையாமல் வைத்தால் அடியில் சிவப்பு படிய, நடுவில் அழுக்கு வெள்ளையாக ஓர் ஆடை மிதப்பதைக் காணலாம். 200 முதல் 400 மில்லி வரை இருக்கும். குளிர்பெட்டியில் வைக்கக் கூடாது; தட்டணுவைப் போல ஆட்டிக்கொண்டிருக்கவும் கூடாது. 20 முதல் 24 டிகிரியில் அசையாமல் வைத்து, எடுத்ததிலிருந்து 24 மணி நேரத்துக்குள் ஏற்றியாக வேண்டும். ஆனால் சில மணி நேரத்திலேயே இவற்றின் வேலைத்திறன் குறையத் தொடங்குவதால், எடுத்த அன்றே, கூடுமானவரை சில மணி நேரத்துக்குள் ஏற்றுவதே முறை.

ஏற்றுவதற்கு முன் பைக்குக் கதிரூட்ட வேண்டும். இதில் சமரசத்துக்கு இடமே இல்லை. பையில் நியூட்ரோபிலோடு லிம்போசைட் என்ற வெள்ளணுவும் கலந்திருக்கும். எதிர்ப்பாற்றல் இழந்த நோயாளியின் உடலுக்குள் அது குடியேறிப் பெருகி, அந்த உடலையே அந்நியமாகக் கருதித் தாக்கத் தொடங்கினால், தோலும் குடலும் கல்லீரலும் மஜ்ஜையும் அழியும். அந்த நிலைக்குப் போனவர்களில் பிழைத்தவர்கள் மிகச் சிலரே. கொடையாளர் இரத்த உறவினராக இருந்தால் இந்த ஆபத்து இன்னும் கூடும். 25 கிரே அளவுக் கதிர், நியூட்ரோபிலின் வேலையைக் கெடுக்காமல் லிம்போசைட் பெருகுவதை மட்டும் தடுத்துவிடுகிறது. கதிரூட்டும் கருவி எல்லா மருத்துவமனையிலும் இல்லை. உங்கள் மருத்துவமனையில் இல்லையென்றால், கொடையாளருக்கு ஊசி போடுவதற்கு முன்பே, எங்கே கொண்டுபோய்க் கதிரூட்டுவது, அங்கே எத்தனை மணிக்கு ஆள் இருப்பார் என்பதை இரத்த வங்கியோடு பேசி உறுதிசெய்யுங்கள். பையின் மேல் கதிரூட்டப்பட்டதற்கான ஒட்டுச்சீட்டு இருக்கிறதா என்று நீங்களும் ஒரு முறை பாருங்கள்.

இனி நான் சொல்லப்போவது ஒரு சிறிய பிளாஸ்டிக் வடிகட்டியைப் பற்றி. இரத்தப் புற்றுநோய் வார்டுகளில் சிவப்பணுவும் தட்டணுவும் ஏற்றும்போது வெள்ளணுவை நீக்கும் வடிகட்டியைப் பொருத்துவது கண்ணை மூடிக்கொண்டு செய்யும் பழக்கமாகிவிட்டது; நல்ல பழக்கம்தான். ஓர் இரவு, வெள்ளணுப் பை வார்டுக்குப் போன பத்தாவது நிமிடம், ஒரு சந்தேகம் உறுத்தியதால் நானே படியேறிப் போய்ப் பார்த்தேன். பை தொங்கிக்கொண்டிருந்தது, குழாயின் நடுவில் அந்த வெள்ளை வட்டு மாட்டப்பட்டிருந்தது, செவிலியர் கவ்வியைத் திறக்கக் கை வைத்திருந்தார். திறந்திருந்தால் கொடையாளரின் உறங்காத இரவும், மூன்று மணி நேரப் பொறுமையும், 5,000 கோடி அணுக்களும் அந்த வட்டுக்குள் சிக்கி, நோயாளிக்குச் சிவந்த நீர் மட்டுமே ஏறியிருக்கும். அவர் மேல் குற்றமில்லை. அந்த வார்டில் இப்படியொரு பை வந்து ஆண்டுக்கணக்காகியிருந்தது, நாங்களும் எழுதி அனுப்பியிருக்கவில்லை. அன்றிலிருந்து பையிலேயே சிவப்பு மையில் எழுதி அனுப்புகிறோம். நீங்களும் கேளுங்கள்: “இது வெள்ளணு, சாதாரண இரத்தக் குழாய்தானே போட்டிருக்கிறீர்கள்?” 170 முதல் 200 மைக்ரான் துளையுள்ள சாதாரண இரத்தக் குழாயே போதும், அதுவே வேண்டும்.

அடுத்தது ஆம்போடெரிசின். பூஞ்சைக்கான இந்த மருந்தையும் வெள்ளணுவையும் நெருங்கிய நேரத்தில் ஏற்றியபோது கடுமையான மூச்சுத்திணறல் ஏற்பட்டதாக 1981இல் ஓர் அறிக்கை வெளியானது. பின்னர் வந்த எல்லா ஆய்வுகளும் அதை உறுதிசெய்யவில்லை என்றாலும், இரண்டுக்கும் இடையில் குறைந்தது நான்கு முதல் ஆறு மணி நேரம் விடுவதே இன்றைய நடைமுறை. வெள்ளணு தேவைப்படும் நோயாளிகளில் பலருக்கு அதே நாளில் இந்த மருந்தும் போய்க்கொண்டிருக்கும். கொடையாளரிடம் எடுக்கும் நேரம் தெரிந்தவுடன் வார்டுக்குச் சொல்லி, மருந்தை அதிகாலைக்கோ இரவுக்கோ மாற்றிக்கொள்ளச் செய்தால் இந்தச் சிக்கலே எழாது.

ஏற்றுவதற்கு அரை மணி நேரம் முன்பு காய்ச்சலுக்கும் ஒவ்வாமைக்கும் மருந்து கொடுப்பார்கள். முதல் பதினைந்து நிமிடம் மெதுவாகவும், பிறகு ஒன்று முதல் இரண்டு மணி நேரத்துக்குள் முடியும்படியும் ஏற்றுவார்கள். குளிர் நடுக்கமும் காய்ச்சலும் பலருக்கு வரும். வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் தணியும். ஆனால் மூச்சு வாங்குதல், நெஞ்சு இறுக்கம், உதடு நீலம் பாரித்தல், விரலில் மாட்டிய கருவியில் ஆக்சிஜன் அளவு இறங்குதல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் உடனே ஏற்றுவதை நிறுத்தச் சொல்லுங்கள். நுரையீரலில் தொற்று உள்ளவருக்குப் புதிய நியூட்ரோபில்கள் நேராக அங்கேதான் போய்ச் சேரும் என்பதால், இருந்த மூச்சுத்திணறல் சற்றுக் கூடுவதும் நேரலாம். எது எதனால் என்பதை மருத்துவரே பிரித்தறிய வேண்டும். முடிந்த பிறகும் இரண்டு மணி நேரம் நோயாளியைத் தனியே விடாதீர்கள்.

எத்தனை நாள்

ஏற்றி ஒரு மணி நேரம் கழித்தும் மறுநாள் காலையிலும் கவுண்ட் பார்ப்பார்கள். எண்ணிக்கை ஏறவில்லை என்றவுடன் மனம் உடைந்துவிட வேண்டாம்; அணுக்கள் இரத்தத்தை விட்டு வெளியேறித் தொற்றுள்ள இடத்துக்குப் போயிருந்தாலும் எண்ணிக்கை ஏறாது. காய்ச்சல் இறங்குகிறதா, இரத்த அழுத்தம் இறங்கிவிடாமல் தாங்கிப் பிடிக்கும் மருந்தின் தேவை குறைகிறதா, புண்ணின் விளிம்பு பரவாமல் நிற்கிறதா, கல்ச்சரில் கிருமி மறைகிறதா என்பவையே உண்மையான அளவுகோல். ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை அசையாமலே இருந்து, நடுக்கமும் கடுமையாக வந்தால், நோயாளியின் உடலில் எச்எல்ஏ எதிர்ப்பொருள் உருவாகியிருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். அப்படி உருவாகியிருந்தால் தொடர்ந்து ஏற்றுவதில் பயனில்லை, பொருந்திய கொடையாளர் தேவை.

பொதுவாக நாள்தோறுமோ ஒன்று விட்டு ஒரு நாளோ ஏற்றுகிறார்கள். நோயாளியின் சொந்த நியூட்ரோபில் 500ஐத் தாண்டி நின்றால், அல்லது தொற்று அடங்கினால், நிறுத்திவிடலாம். நான்கைந்து முறை முறையாக ஏற்றியும் தொற்று முன்னேறிக்கொண்டே இருந்தால், தொடங்கும்போது கேட்டு வைத்த அந்த மதிப்பீட்டு நாளை மருத்துவருக்கு நினைவூட்டிப் பேசுங்கள். இத்தனை நாளும் ஆன்டிபயாடிக்கையோ பூஞ்சை மருந்தையோ ஒரு வேளைகூடத் தவறவிடக் கூடாது. சீழ்ப்பை இருந்தால் வடிக்க வேண்டும், நெஞ்சில் பொருத்திய குழாயிலேயே கிருமி குடியேறியிருந்தால் அதை எடுக்க வேண்டும். வெள்ளணு இவற்றோடு சேர்ந்துதான் வேலை செய்யும்.

எந்தெந்தத் தேதியில், யாரிடமிருந்து, எத்தனை அணுக்கள் ஏற்றப்பட்டன, என்ன எதிர்விளைவு வந்தது என்று ஒரு தாளில் எழுதி, வீடு திரும்பும்போது கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னொரு நாள் தட்டணு ஏற்றியும் எண்ணிக்கை ஏறாதபோதும், மஜ்ஜை மாற்றுக்குக் கொடையாளரைத் தேர்ந்தெடுக்கும்போதும், மருத்துவர் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.